விளையாட்டு வினையாகுமா?

கூடலூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஊர்கள் பல உண்டு. நாம் சொல்ல வந்தது நீலகிரிக் கூடலூரைப் பற்றியன்று. தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், குமுளி மலையின் அடிவாரத்தை அடுத்திருக்கும் கூடலூரைப் பற்றி. முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வந்து, லோயர் கேம்ப்பில் சமவெளியைத் தொட்டதும், முதன்முதலாகப் பசுமையாக்கும் ஊர்களுள் இது ஒன்று. ஒருபுறம் நெல்வயல், மறுபுறம் தென்னந்தோப்பு, இடையிடையே திராட்சைப் பந்தல். கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற சமாசாரத்தை நேயர்கள் அறிவார்கள்.

நீருக்கும் நிழலுக்கும் குறைவில்லாத இப்பிரதேசத்திலும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, வீட்டுக்கு வீடு ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாதி, பெற்றோர். பிரதிவாதி, செல்போனில் குடியேறியிருக்கும் வீடியோ கேம். சாட்சி, கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேளாத பிள்ளை. தீர்ப்பு மட்டும் நாள்தோறும் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

இந்த வழக்கில் பரீட்சை மார்க்கைப் பற்றியும் கண்பார்வையைப் பற்றியும் பேசுவோர் பலர். அவை முக்கியமான விஷயங்களே. ஆனால் அவற்றினும் ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. இப்பிள்ளைகள் நாளைக்கு நாலு பேரோடு கூடி வாழக் கற்பார்களா? சண்டை போடவும், சமாதானமாகவும், விட்டுக்கொடுக்கவும், துக்கம் விசாரிக்கவும் இவர்களுக்குத் தெரிந்திருக்குமா? இக்கேள்வியையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

வாதியின் கட்சி

“முன்பெல்லாம் பிள்ளைகளைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் அழைக்கத் தொண்டை வற்றக் கத்தினோம். இப்போது வீட்டிலிருந்து தெருவுக்கு அனுப்பத் தொண்டை வற்றுகிறது” என்பது பெற்றோர் தரப்பின் முதல் வாக்குமூலம். உறவினர் வீட்டுக்கு வந்தால், “மாமா வந்திருக்காக, ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லப்பா” என்று தாய் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாம் முறை பிள்ளை தலை நிமிர்ந்து, “வாங்க” என்று செல்போனைப் பார்த்தே சொல்கிறான். மாமாவுக்கு வந்த கோபம் காப்பி வந்த பிறகுதான் ஆறுகிறது.

இக்குறையைப் பழைய காலத்து மனிதர்களின் புலம்பல் என்று தள்ளிவிடுவதற்கில்லை. தெரு விளையாட்டு வெறும் ஓட்டமும் சாட்டமும் அன்று. சடுகுடு ஆடும்போது, “மூச்சு விட்டுவிட்டாய்”, “விடவில்லை” என்று வழக்கு எழும். அங்கே நடுவர் எவருமில்லை. பிள்ளைகள் தாமே வாதாடி, கோபித்து, சற்று நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு ஆட்டம் நின்றுவிடக்கூடாதே என்ற ஆசையினால் தாமே ஒரு முடிவுக்கு வரவேண்டும். கோலியிலும் கிட்டிப்புள்ளிலும் அப்படியே. சின்னத் தம்பி ஒருவன் சேர்ந்துகொண்டால், “இவன் அவுட்டானாலும் இன்னொரு முறை ஆடலாம்” என்று பெரியவர்கள் அவனுக்கென்று தனி விதி செய்வார்கள். எளியோருக்கு இடங்கொடுக்கும் தர்மத்தைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பிள்ளைகள் அங்கே பயின்றார்கள்.

வீடியோ விளையாட்டிலோ, நடுவர் இயந்திரம். குண்டு பட்டதா, படவில்லையா என்று வாதாட இடமேயில்லை. சிறியவனுக்கென்று விதியைத் தளர்த்தவும் இயலாது. சண்டைக்கு இடமில்லாத இடத்தில் சமாதானம் பயிலவும் இடமில்லை. பெற்றோரின் அச்சத்தில் நமக்கு மிகவும் நியாயமாகப் படும் பகுதி இதுவே.

பிரதிவாதியின் கட்சி

ஆனால் மறு தரப்பையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். பெற்றோர்களிலேயே இத்தரப்பைப் பேசுவோர் இருக்கிறார்கள். பெரும்பாலும் தாமும் இளமையில் இவ்விளையாட்டுகளை ஆடியவர்கள்.

“பிள்ளை தனியாகவா ஆடுகிறான்? நாலு பேராகச் சேர்ந்துதானே ஆடுகிறான்!” என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. பப்ஜி என்னும் விளையாட்டில் நூறு பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள். நால்வர் நால்வராக அணி சேர்ந்து, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே, கடைசி வரை பிழைத்திருக்கப் பார்க்கிறார்கள். அடிபட்டு விழுந்த தோழனைத் தூக்கி நிறுத்துவதும், தன்னிடமுள்ள மருந்தைப் பகிர்ந்து கொடுப்பதும் அந்த ஆட்டத்தில் உண்டு. கூடலூர்ப் பையன் ஒருவன், திருப்பூருக்குக் குடிபெயர்ந்த சித்தி மகனோடு தினமும் பேசுகிறான் என்றால், அதற்கு இந்த விளையாட்டே காரணமாக இருக்கலாம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கும், ஓடியாட இயலாத பிள்ளைக்கும், தெருவில் கிடைக்காத இடம் இங்கே கிடைப்பதுண்டு.

அமெரிக்காவில் பியூ ஆராய்ச்சி நிலையத்தார் 2024-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வீடியோ கேம் ஆடும் பதின்வயதினரில் 72 சதவிகிதம் பேர், பிறரோடு பொழுதைக் கழிப்பது தாங்கள் ஆடுவதற்கு ஒரு காரணம் என்று சொன்னார்கள். 47 சதவிகிதம் பேர் விளையாட்டின் வழியாக ஒரு நண்பரைப் பெற்றதாகச் சொன்னார்கள். தூக்கம் கெட்டது என்று ஒப்புக்கொண்டவர்கள் 41 சதவிகிதம். நன்மையும் தீமையும் ஒரே இலையில் பரிமாறப்பட்டிருப்பதைக் காண்கிறோம்.

இத்தரப்பினர் சரித்திரத்தையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 1931-இல் தமிழ் பேசும் படம் வந்தபோதும், 1975-இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறந்தபோதும், “இனிப் பிள்ளைகள் உருப்பட்டாற்போலத்தான்” என்று பெரியவர்கள் சொல்லவில்லையா? சொன்னார்கள். ஆயினும், பழைய அச்சம் பலிக்கவில்லை என்பதனாலேயே புதிய அச்சமும் பலிக்காது என்று கொள்வது சரியான தர்க்கமாகாது. சினிமா மூன்று மணி நேரத்தில் தானாக முடிந்து, விளக்கைப் போட்டு, நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடும். செல்போன் விளையாட்டு ஒருநாளும், “முடிந்தது, வீட்டுக்குப் போ” என்று சொல்வதில்லை. மறுநாள் வந்தால் வெகுமதி உண்டு என்று சொல்லியே அனுப்புகிறது.

கையில் கொடுத்தவர் யார்?

பிள்ளைகள் கையில் செல்போன் தானாக வந்து ஏறவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. பல பள்ளிகள் செல்போன் வழியாகவும் நடத்தின. நகை அடகு வைத்தாவது ஒரு செல்போன் வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று ஏழைப் பெற்றோரும் எண்ணிய காலம் அது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையிலான கீழ் வகுப்புகள் 2021 நவம்பரில்தான் மறுபடி திறந்தன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, பிள்ளைகளுக்குப் பாடமும் செல்போனில், தோழரும் செல்போனில், விளையாட்டும் செல்போனில். பள்ளி திறந்ததும் பாடம் மட்டும் பள்ளிக்குத் திரும்பிற்று, விளையாட்டு திரும்பவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கிலே இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. விடியுமுன்னே கூடலூரிலும் கம்பத்திலும் ஜீப்புகள் நிற்கும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறிக்கொள்வார்கள். மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குச் சென்று, காய் பறித்துக் களையெடுத்து, மாலையில் திரும்புவார்கள். நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கும் ஏலக்காய்க்குப் பின்னால் இந்தத் தாய்மாரின் பகற்பொழுது இருக்கிறது. அவர்கள் வீட்டில் செல்போன் ஒரு பொம்மையன்று. பள்ளியிலிருந்து வந்த பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்பதற்கும், தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்கும் அதுவே வழி. தாய் திரும்பும் வரையில் பிள்ளைக்குக் காவலும் அதுவே. இந்தத் தாயிடம் போய், “பிள்ளைக்குச் செல்போன் கொடுக்காதே” என்று உபதேசிப்பது சுலபம். அந்த மாலைப்பொழுதில் பிள்ளைக்கு யார் துணை என்று சொல்வதுதான் கடினம்.

வசதியுள்ள வீடுகளின் நிலையும் இதற்குப் பெரிதும் மாறுபட்டதன்று. தகப்பனார் கடையில் அல்லது ஆபீசில். தாயாரும் உத்தியோகத்தில். பிள்ளைக்கு நான்கரை மணிக்குப் பள்ளி விட்டால் ஐந்து மணிக்கு டியூஷன். டியூஷன் முடிந்தால் இருட்டிவிடுகிறது. தெருவிலோ மோட்டார் சைக்கிள்களின் ஆட்சி. முன்பு பிள்ளைகள் பந்தடித்த காலி மனைகள் எத்தனையோ ஊர்களில் வீட்டு மனைகளாக அளந்து கல் நடப்பட்டுவிட்டன. எஞ்சிய அரைமணி நேரத்தில், எஞ்சிய இடத்தில் ஆடக்கூடிய விளையாட்டு எதுவோ, அதைப் பிள்ளை ஆடுகிறான். செல்போன் வந்து தெருவைக் காலி செய்தது என்கிறோம். பல இடங்களில் நாம் காலி செய்து வைத்திருந்த தெருவுக்கு ஈடாகவே செல்போன் வந்தது.

நார்வே சொல்லும் செய்தி

இது நம்முடைய ஊகம் மட்டுமன்று. நார்வே தேசத்தில் ஹைகன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவரது சகாக்களும் 873 குழந்தைகளை ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையில், இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசீலித்து வந்தார்கள். எவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள், பிறரோடு எப்படிப் பழகுகிறார்கள் என்ற இரண்டையும் கவனித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். பையன்கள் எவ்வளவு நேரம் விளையாடினார்கள் என்பது அவர்களுடைய பழகும் திறனைப் பிற்பாடு குறைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் எட்டு வயதிலும் பத்து வயதிலும் பிறரோடு பழகச் சிரமப்பட்ட பிள்ளைகள், இரண்டாண்டு கழித்து அதிக நேரம் விளையாட்டில் மூழ்கியிருந்தார்கள்.

இதன் பொருளைப் பெற்றோர் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். விளையாட்டினால் பிள்ளை தனிமைப்படுகிறான் என்று நாம் எண்ணுகிறோம். தனிமைப்பட்ட பிள்ளை விளையாட்டை நாடுகிறான் என்பதும் பல இடங்களில் உண்மையாயிருக்கிறது. ஜுரம் வந்தவன் நெற்றியில் ஈரத்துணி இருக்கிறது என்பதற்காக, ஈரத்துணியினால்தான் ஜுரம் வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

அதே ஆராய்ச்சியில் பெண் குழந்தைகளைப் பற்றி வேறொரு முடிவு கிடைத்தது. பத்து வயதில் அதிக நேரம் விளையாடிய பெண்களின் பழகும் திறன் பன்னிரண்டு வயதில் சற்றுக் குறைந்திருந்தது. பையன்கள் கூட்டாக விளையாடுகிறார்கள். பெண்களின் தோழமை வட்டத்தில் இவ்விளையாட்டுக்கு அவ்வளவு இடமில்லாததால், அதில் மூழ்கும் பெண் தனித்துவிடுகிறாள் போலும் என்று அவர்கள் கருதினார்கள். நார்வேயிலேயே இப்படியானால், வயதுக்கு வந்ததும் பெண்ணைத் தெரு விளையாட்டிலிருந்து நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் முழுதும் மறையாத நம் நாட்டில் என்ன சொல்வது? பையன் செல்போனில் ஆடுவதைப் பற்றிக் கவலைப்படும் வீடுகளில், பெண் எங்கே, யாரோடு விளையாடுகிறாள் என்ற கேள்வியை எத்தனை பேர் கேட்கிறோம்?

உலக சுகாதார நிறுவனம் வீடியோ கேமுக்கு அடிமையாவதை ஒரு நோயாக ஏற்று, 2022 ஜனவரி முதல் அமுலுக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆயினும் பிள்ளை இரண்டு மணி நேரம் விளையாடினான் என்பதற்காக அவனை நோயாளியாக்க அது இடங்கொடுக்கவில்லை. தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற வேலைகள் அனைத்தையும் விட விளையாட்டே பெரிதாதல், கேடு விளைந்தபின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும், சாதாரணமாக ஓராண்டுக் காலம் நீடித்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வேண்டியது அடியன்று, வைத்தியம். பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு பிரிவு 2014 முதல் நடந்துவருகிறது.

தடையும் சட்டமும்

“சர்க்கார் இதை அடியோடு தடுத்துவிட்டால் என்ன?” என்று கேட்கும் பெற்றோர் பலர். 2020 செப்டம்பரில் பப்ஜியை மத்திய சர்க்கார் தடுத்தது. மறு ஆண்டே இந்தியாவுக்கென்று தனிப்பெயர் சூடி அது திரும்ப வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைப்பட்டது. பிள்ளைகள் வேறு விளையாட்டுக்குப் போனார்கள், வெளியே போகவில்லை. தென்கொரியா 2011-இல், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டு ஆடக்கூடாதென்று சட்டம் செய்து, பத்தாண்டு நடத்திப் பார்த்து, 2022 தொடக்கத்தில் கைவிட்டது. சீனாவோ 2021-இல், வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும் என்று இறுக்கிவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டத்தின் கை அவசியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. அது பணம் வைத்து ஆடும் ஆட்டம். இது விளையாட்டன்று, சூது. தமிழ்நாடு 2022-இல் இதற்கென இயற்றிய சட்டம் 2023-இல் அமுலுக்கு வந்தது. 2025-இல் வந்த விதிகள் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை அறவே விலக்கி, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரையில் பணம் வைத்து ஆடுவதற்குத் தடை விதித்தன. சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் அவ்விதிகளை ஏற்றது. ஆகஸ்டில் பாராளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

ஆனால் சூதாட்டம் என்று பெயர் பெறாத விளையாட்டுகளிலும் பணம் செல்லும் வாசல் உண்டு. ஆட்டத்திலுள்ள வீரனுக்குப் புதுச்சட்டை, துப்பாக்கிக்குப் புது வர்ணம் என்று ‘டைமண்ட்’ வாங்கச் சொல்லும். வைரம் பொய், ரூபாய் மெய். தகப்பனாரின் பேங்குக் கணக்கு இணைந்திருக்கும் செல்போனையே பிள்ளையிடம் கொடுக்கும் வீடுகள் இவ்விஷயத்தில் எச்சரிக்கையாயிருப்பது நலம்.

பெற்றோர் செய்யக்கூடியது

முதலாவது, கேள்வியை மாற்றுவோம். “எத்தனை மணி நேரம் ஆடினாய்?” என்று கேட்பதற்கு முன், “யாரோடு ஆடினாய்?” என்று கேட்டுப் பார்க்கலாம். தெரிந்த தோழர்களின் பெயரைப் பிள்ளை சொன்னால், அத்தோழர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைக்கலாம். பெயர் சொல்லத் தெரியாவிட்டால், அந்நியர் யாரோ பேசுகிறார் என்று பொருள். விசாரித்தறிய வேண்டியது நம் கடமை. “யாருமில்லை” என்று சொன்னால், அதுவே எல்லாவற்றிலும் கவலைக்குரிய பதில்.

இரண்டாவது, ஆட்டத்தின் நடுவே செல்போனைப் பிடுங்காதிருப்போம். இக்கூட்டு விளையாட்டுகளை இடையில் நிறுத்தி வைக்க இயலாது. ஓர் ஆட்டம் பத்து நிமிஷமும் ஆகலாம், அரைமணியும் ஆகலாம். நடுவில் எழுந்து போகிறவன் மற்ற மூவரையும் கைவிட்டவனாகிறான். “இந்த ஆட்டம் முடிஞ்சதும் வரேம்மா” என்று பிள்ளை சொல்வது எப்போதும் சாக்குப்போக்கன்று. சில சமயம் அது தோழருக்குக் கொடுத்த வாக்கு. ஆகவே, “எட்டு மணிக்குச் சாப்பாடு” என்று மிரட்டுவதைவிட, “இன்னும் இரண்டு ஆட்டம், பிறகு சாப்பாடு” என்று தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொண்டால், பிள்ளைக்கும் வாக்கைக் காப்பாற்றும் பழக்கம் உண்டாகும்.

மூன்றாவது, இரவில் செல்போன் உறங்குவதற்குக் கூடத்திலே ஓரிடம் ஒதுக்குவோம். பிள்ளையின் செல்போனுக்குப் பக்கத்திலே தகப்பனாரின் செல்போனும் உறங்கவேண்டும். இல்லாவிட்டால் இவ்விதி ஒரு வாரத்துக்கு மேல் நிலைக்காது.

நான்காவதுதான் முக்கியமானது, தனி ஒரு வீட்டினால் ஆகாதது. பிள்ளைகளுக்கு நேரமும் இடமும் வேண்டும். வாரத்தில் இரண்டு மாலையாவது டியூஷன் இல்லாத மாலையாக இருக்கட்டும். பள்ளி மைதானங்கள் மாலை ஆறரை வரை திறந்திருக்கட்டும். தெருவுக்கு ஒரு பெரியவர் முறைவைத்து அங்கே உட்கார்ந்திருந்தால், மலையிலிருந்து ஜீப் திரும்பும் வரை தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் கடைக்காரரின் பிள்ளையும் ஒரே பந்தை உதைப்பார்கள். பெண் குழந்தைகளுக்கென்று ஒரு மூலையையாவது ஒதுக்குங்கள். இதற்கு நகராட்சியும் பள்ளிகளும் மனம் வைத்தால் போதும், பெருஞ்செலவு ஒன்றுமில்லை.

கூடலூரில் பிறந்தவர்களுக்கு நீரின் இயல்பைப் பற்றி யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மேற்கே ஓடிக் கடலிற் கலந்த ஆற்றைத் திருப்பி, 1895-இல் கர்னல் பென்னி குயிக் இப்பள்ளத்தாக்குக்கு அனுப்பி வைத்தார். வெறுமனே அணை போட்டிருந்தால், தேங்கிய நீர் வேறொரு வழியாகப் பழையபடி மேற்கேதான் போயிருக்கும். கிழக்கே ஒரு வழி குடைந்து கொடுத்ததனால்தான் அது வயலுக்கு வந்தது. பிள்ளைகளின் தோழமை ஆசையும் அத்தகையதே. செல்போனைப் பூட்டி வைப்பது அணை மட்டுமே. மைதானத்தைத் திறந்துவிடுவதுதான் சுரங்கம்.

நாளை மாலை ஐந்து மணிக்கு நம் தெருப் பிள்ளைகள் எங்கே போய் விளையாடலாம்? இக்கேள்விக்குத் தெருவிலுள்ள பெரியவர்கள் கூடி ஒரு பதில் சொல்லிவிட்டால், வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்குகளில் பாதியேனும் வாபஸாகிவிடும் என்று நாம் நம்புகிறோம்.